அட்டை இருக்கு... பேர் இருக்கா?



19.4.2024. நாடாளுமன்றத் தேர்தல் நாள். அப்போது நான் முதலாண்டு. அம்மா சித்தாள் வேலைக்குப் போகாமல், இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, வாக்காளர் அட்டையோடு போய் வரிசையில் நின்றார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். "லிஸ்ட்ல என் பேர் இல்லையாம்டா." அவ்வளவுதான் சொன்னார்.

நான் படிக்க வேண்டும் என்றுதான் ஊரை விட்டு இந்த வாடகை வீட்டுக்கு வந்தோம். குடி மாறினால் 8-ஆம் எண் படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அட்டை கையில் இருந்தால் போதும் என்று இருந்துவிட்டோம். அட்டை அடையாளத்துக்குத்தான், பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு!

எங்கள் வீட்டில் நாலு எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, அம்மா பேர் விடுபட்டது தெரியவில்லை. யாரைக் குறை சொல்ல?

அந்த வெட்கத்தில்தான் எங்கள் தெருவில் பத்துப் பேரைச் சேர்த்தேன். முதல் ஞாயிறு கோஷம் போட்டு ஊர்வலம் போனோம். ஜனங்க வேடிக்கை பார்த்தாங்க. ஒரு படிவம்கூட வரவில்லை. அடுத்த வாரம் கோஷத்தை விட்டோம். வாக்காளர் பட்டியலில் எங்கள் பாகத்தை எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டு பேராக, வேலைக்குப் போனவர்கள் திரும்பும் சாயங்கால நேரத்தில் கதவைத் தட்டினோம். ஜோடிக்கு ஒரு பெண் கட்டாயம். அப்போதுதான் வீட்டுப் பெண்கள் நின்று பேசுகிறார்கள். கேட்டது ஒரே கேள்வி: "வீட்ல எத்தனை பேர், லிஸ்ட்ல எத்தனை பேர்?" எந்தக் கட்சி என்று கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. அந்த ஒரு தெருவிலேயே பதினோரு பேருக்குப் பெயர் இல்லை. அதில் மூன்று பேர் நம் கல்லூரி மாணவர்கள்!

"ஒரு ஓட்டுல என்னப்பா ஆகப்போகுது?" என்று கேட்கும் நண்பர்களே! 2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அறிவிக்கப்பட்ட வித்தியாசம் வெறும் 49 ஓட்டு. நம் ஒரு வகுப்பில் இருப்பதே அறுபது பேர்!

21 ஆக இருந்த வாக்குரிமை வயதை 1989-ல் 18 ஆக்கினார்கள். இப்போது 17 வயது நிரம்பினாலே 6-ஆம் எண் படிவத்தை முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தினக்கூலிக்கும் உண்டு. இதை நம் அப்பா அம்மாவுக்கு நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

என் கருத்து இதுதான். ஓட்டுப்பதிவு அன்று காலை போய்க் கூப்பிடுவது தொண்டில் பாதிகூட இல்லை. பல மாதம் முன்பே பட்டியலைப் படிப்பதுதான் தொண்டு. நம் மாணவர் பேரவை வகுப்புக்கு இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடட்டும். அவரவர் தெருவை அவரவர் பார்த்தால் போதும். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

புதுப் பட்டியல் வந்ததும் அம்மா, "என் பேரு எங்கடா, காட்டு" என்றார். காட்டினேன். படிக்கத் தெரியாது, விரலால் தடவிப் பார்த்தார். நான் வாங்கிய மதிப்பெண் பட்டியலைக்கூட அப்படித் தடவியதில்லை!

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக உங்கள் அம்மா பெயரைத் தேடுங்கள்.

- மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை