காலிமுகமும் இரணைதீவும்

சுண்ணாம்புக்குளத்தில் ஏரிக்கரையோரம் அமர்ந்து வலையைப் பழுது பார்த்துக் கொண்டிருந்த பெரியவர் ஒருவர், சென்ற மாதம் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "சிலோன்ல சனங்கெல்லாம் கூடி, ஆண்டவனையே தொரத்திட்டாங்களே ஐயா, அதுக்கப்புறம் அந்தச் சனங்களுக்கு என்னதான் கெடச்சுது?" அவர் சொன்ன 'ஆண்டவன்' நாட்டை ஆண்டவன். ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்து விட்டேன். அது பதிலாகாது என்பது வீடு வந்து சேருமுன்னரே எனக்குத் தெரிந்து விட்டது. ஆகையால் இம்மாதப் பக்கம் அப்பெரியவருக்கே உரியது.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக் கொள்வோம். 2019 நவம்பரில் 69 இலட்சம் வாக்குகள் பெற்று இலங்கையின் சனாதிபதியானவர் கோட்டாபய இராசபக்ச. பதவியேற்ற கையோடு வரிகளை வெகுவாகக் குறைத்தார். 2021-இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்தார். கருவூலம் வற்றியது, வயலும் வற்றியது. கொரோனாவினால் சுற்றுலாப் பயணிகளின் வருகையும் நின்றிருந்தது. 2022 மார்ச்சில் மண்ணெண்ணெய்க்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் நாள் கணக்கில் வரிசையில் நின்றனர். மின்சாரம் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை நின்று போயிற்று. மார்ச் 31 இரவு, மிரிகானையில் இருந்த அவருடைய இல்லத்தின் முன் கூட்டம் திரண்டது. ஏப்ரல் 9 முதல் கொழும்பின் காலிமுகத்திடலிலேயே மக்கள் கூடாரம் அடித்துத் தங்கி விட்டனர். அந்த இடத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'கோட்டா கோ கம'. சிங்களத்தில் 'கம' என்றால் ஊர். கோட்டாவை வீட்டுக்குப் போகச் சொல்லும் ஊர் அது!

ஊர் என்று சும்மா சொல்லவில்லை. அங்கே சமையற்கூடம் இருந்தது, நூலகம் இருந்தது, வைத்தியக் கூடாரம் இருந்தது. பிக்குகளும் குருக்களும் கன்னியரும் மௌலவிமாரும் ஒரே வெயிலில் நின்றனர். இசுலாமியர் நோன்பு திறக்கையில் மற்றவர்கள் உடனிருந்தனர். மே 9 அன்று ஆளுங்கட்சியின் ஆட்கள் அங்கு புகுந்து தாக்கவே, நாடு முழுவதும் கலவரம் மூண்டது. ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரும் அன்று உயிரிழந்தார். பிரதமராயிருந்த அண்ணன் மகிந்த அன்றே விலகினார். சூலை 9 அன்று சனாதிபதி மாளிகைக்குள்ளேயே மக்கள் நுழைந்தனர். 13-ஆம் தேதி விடியுமுன் கோட்டாபய மாலத்தீவுக்குப் பறந்தார். மறுநாள் சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் பதவி விலகினார்.

ஆகஸ்ட்டில் அவர் அடைக்கலம் தேடிச் சென்ற இடம் பாங்காக். வீதியில் திரண்ட மக்களுக்கு அஞ்சி ஓடியவர் போய்ச் சேர்ந்த ஊரைப் பாருங்கள்! 1973 அக்டோபரில் மாணவர்கள் வீதியில் இறங்கி இராணுவ ஆட்சியாளரை நாட்டை விட்டு ஓடச் செய்த ஊர் அது. மூன்றே ஆண்டுகளில், 1976-இல், மாணவர்களைச் சுட்டு வீழ்த்திவிட்டு இராணுவம் திரும்பி வந்ததும் அதே ஊர்தான். 1992-இல் மீண்டும் மக்கள், 2014-இல் மீண்டும் இராணுவம். கோட்டாபயவுக்கு இடங்கொடுத்த பிரதமர் பிரயுத், 2014-இல் ஆட்சியைக் கைப்பற்றிய அதே தளபதிதான்.

சரி, சனங்களுக்கு என்ன கிடைத்தது? சூலை 20 அன்று பாராளுமன்றம் 134 வாக்குகளால் இரணில் விக்கிரமசிங்கவைச் சனாதிபதியாக்கியது. இரண்டு நாள் கழித்து, விடியுமுன், படையினர் காலிமுகத்திடலில் புகுந்து கூடாரங்களைப் பிய்த்தெறிந்தனர். ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய் ஆயிற்று. அங்குள்ள சிறு படகுகள் ஓடுவது மண்ணெண்ணெயில். எனவே கரையில் நின்ற மீனவனுக்குப் புரட்சியின் முதற்கனி இதுதான். 2024 செப்டம்பர் தேர்தலில் பழைய குடும்பங்களை எல்லாம் விலக்கி அநுர குமார திசாநாயக்கவை மக்கள் தேர்ந்தெடுத்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது சிறிய காரியமன்று.

ஆனால் காலிமுகத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இரணைதீவைப் பற்றி எழுதவில்லை. எனக்கோ பெரியவரின் கேள்விக்கு விடை அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

கிளிநொச்சி மாவட்டத்தில், பூநகரிப் பகுதியைச் சேர்ந்த இரட்டைத் தீவு அது. அங்கிருந்தவர்கள் நம்மவரைப் போன்ற கத்தோலிக்க மீனவர்கள். செபமாலை மாதா ஆலயம் அவர்களுடையது. 1992-இல் போரின் நடுவே வெளியேறி, எதிர்க்கரையில் இரணைமாதா நகரில் குடியேறினர். 2009-இல் போர் முடிந்தது. எனினும் கடற்படை தீவை விடவில்லை. மனுக்கள் போயின, வாக்குறுதிகள் வந்தன. 2017 மே முதல் நாள் அம்மக்கள் கரையிலே பந்தலிட்டு அமர்ந்தனர். பெரும்பாலோர் பெண்கள். ஓராண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. எவரும் வந்து பதில் சொல்லவில்லை. 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு படகுகளில் ஏறினர். நேரே தீவுக்குச் சென்று, தங்கள் கோயிலருகே இறங்கினர். திரும்ப மறுத்து விட்டனர். அடுத்த மாதமே அதிகாரிகள் வந்து பேசி, அவர்கள் தங்குவதற்கு இசைந்தனர்.

அத்துடன் விட்டார்களா? 2021 மார்ச்சில், கொரோனாவில் இறந்தோரை இத்தீவிலேயே புதைக்கப் போவதாக அரசு அறிவித்தது. அதுவரை இசுலாமியரின் உடல்களையும் வலிந்து எரித்து வந்த அரசு அது. தீவு மக்கள் மறுத்தனர்; தம்மவரை அத்தனை தொலைவில் அடக்கம் செய்ய இசுலாமியரும் விரும்பவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்பாக வேறொரு பந்தல் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பிப்ரவரி 20 அன்று அமர்ந்தது அங்கே. காலிமுகத்தார் நூற்றுச் சொச்ச நாள் அமர்ந்தனர். இத்தாய்மாரின் போராட்டமோ ஆண்டுகளைக் கடந்தது. பிள்ளையின் செய்தி அறியாமலே பலர் கண்மூடி விட்டனர். வடக்கு மக்கள் காலிமுகத்துக்கு ஏன் திரளவில்லை என்று கொழும்பில் சிலர் குறைபட்டனர். போரின் இறுதியில் பாதுகாப்புச் செயலாளராயிருந்தவர் யார் என்பதை அவர்கள் மறந்தனர் போலும். எனினும் 2022 மே 18 அன்று அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கப்பட்டது. சிங்கள இளைஞரும் அதை வாங்கிக் குடித்தனர். மாளிகைக்குள் புகுந்த நாளைவிட அந்த நாளையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

நம் பக்கத்துக் கோணலையும் மறைத்தலாகாது. 2021 அக்டோபரில் வடக்கு மீனவர்கள் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் சென்று போராடினர். யாருக்கெதிராக? தமிழகத்திலிருந்து சென்று கடலடியை வாரிவரும் இழுவை மடிப் படகுகளுக்கும், அவற்றைத் தடுக்காத தங்கள் அரசுக்கும் எதிராக. இரணைதீவுப் பெண்கள் கடலட்டை பொறுக்கும் கடலுக்கும் அந்த மடிகள் ஆபத்தே.

இவ்வளவையும் போன வாரம் பெரியவரிடம் சொன்னேன். மண்ணெண்ணெய் விலையைக் கேட்டுத் தலையை ஆட்டினார். இரணைதீவைப் பற்றிச் சொன்னபோதுதான் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார். "எத்தினி பேரு போனாங்க? கொடி கட்டிக்கிட்டா போனாங்க? சுடலியா?" என்று அடுக்கிக் கொண்டே போனார். பிறகு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாப் பக்கம் சிறிது நேரம் பார்த்திருந்தார். ராக்கெட் நிலையத்துக்காக அங்கிருந்தும் குடிகள் அகற்றப்பட்டனர்.

"அடுத்த வாரம் ராக்கெட்டு வுடறாங்களாம். தொழிலுக்குப் போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க" என்றார். மீண்டும் ஊசியை எடுத்துக் கொண்டார்.