அகதிக்கு மதம் எதற்கு?

அடைக்கலம் கேட்டு வாசலில் நிற்கிறவனிடம், "உனக்கு என்ன ஆபத்து?" என்று கேட்பது மனிதன் வேலை. "நீ எந்த மதம்?" என்று கேட்பது புரோகிதன் வேலை. இந்திய சர்க்கார் 2019-ல் செய்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது.

ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர்களில் இந்து, சீக்கியர், பௌத்தர், ஜைனர், பார்சி, கிறிஸ்தவர் ஆகியோருக்கு அச்சட்டம் வழி திறக்கிறது. காபூலிலிருந்து ஓடிவந்த சீக்கியருக்கு இடம் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அதே ஊரிலிருந்து, அதே தாலிபான்களுக்கு அஞ்சி ஓடிவந்த ஹசாரா முஸ்லிமின் குழந்தை செய்த குற்றமென்ன? துப்பாக்கிக் குண்டு மதம் பார்த்தா வலிக்கிறது?

சரி, இது இந்துக்களைக் காப்பாற்ற வந்த சட்டமென்றே வைத்துக்கொள்ளுவோம். அப்படியானால் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்தானே! அவர்களுக்கு ஏன் இடமில்லை? இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதிலிருந்து மதம் என்பது ஒரு சாக்கு என்பது விளங்கவில்லையா?

1983 முதல் மூன்று லட்சம் பேருக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2021-ல் சென்னை சர்க்கார் சட்டசபையில் சொன்ன கணக்குப்படி 108 முகாம்களில் 58,822 பேரும், வெளியில் 34,087 பேரும் இருந்தார்கள். நமது தூத்துக்குடி ஜில்லாவிலும் எட்டயபுரத்தை அடுத்த தாப்பாத்தி முதலிய இடங்களில் முகாம்கள் உண்டு. முகாமில் பிறந்த பிள்ளை அங்கேயே படித்து, பட்டம் பெற்று, கல்யாணம் செய்து, தானும் பிள்ளை பெற்றாயிற்று. இன்னமும் அது "வந்தவர்" கணக்கில்தான் இருக்கிறது. தணிக்கை நாளில் ஆஜராக வேண்டும். சர்க்கார் உத்தியோகமில்லை. ஓட்டு இல்லை. 2021-ல் "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றி, வீடு கட்டவும் பணம் ஒதுக்கினார்கள். நல்லதுதான். ஆனால் பெயர் மாறினால் பிரஜா உரிமை வந்துவிடுமா? 2025 செப்டம்பரில் இந்திய சர்க்கார், பதிவு பெற்ற இலங்கைத் தமிழருக்குப் பாஸ்போர்ட் இல்லாத குற்றத்துக்குத் தண்டனையில்லை என்றது. அதாவது குற்றவாளியல்ல என்று ஆயிற்றே தவிர, குடிமகன் என்று ஆகவில்லை.

2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டிலே, தண்டனை முடிந்த ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில், இந்தியா தர்மசத்திரமல்ல என்று நீதிபதி சொன்னார். இதற்குப் பதில் சொல்ல நமது கடற்கரையைவிட யோக்கியதையுள்ள இடம் வேறில்லை.

ஏனென்றால், அக்கரை நமக்குச் சத்திரமாயிருந்தது. இங்கிருந்து மன்னாருக்குப் போய் முத்துக் குளித்தவர்கள் நம்மவர்கள். தூத்துக்குடியில் கப்பலேறி, மலைநாட்டில் காடு வெட்டித் தேயிலை வளர்த்தவர்களும் நம்மவர்களே. அவர்களை 1948-ல் இலங்கைச் சட்டம் நாடற்றவர்களாக்கியபோது நாம் அதை அக்கிரமம் என்றோம். 1964-ல் இரண்டு சர்க்கார்களும் கூடி, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று ஆடுமாடுகளைப் பங்கு போடுவதுபோல் பங்கு போட்டபோது, அந்த ஜனங்களின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? அங்கே அக்கிரமமானது இங்கே மட்டும் நியாயமாகிவிடுமா?

இன்னும் பழைய சங்கதி ஒன்றுண்டு. 1530-களில் இக்கரைப் பரதவர்கள் எதிரிகளுக்கு அஞ்சிப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புத் தேடினார்கள். பாதுகாப்பு கிடைத்தது, விலை மதம். ஆபத்தில் இருப்பவனிடம் மதத்தை விலையாகக் கேட்பது என்னவென்று இந்த முத்துக்கரைக்கு ஒருவர் சொல்லித் தரவேண்டியதில்லை. ஐந்நூறு வருஷத்துக்குப் பிறகும், குடியரசு என்று பேர் வைத்துக்கொண்டு, அதே விலையைக் கேட்பதா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும், கும்பிடாவிட்டாலும், உயிருக்கு அஞ்சி வந்தவர்களுக்கு ஒரே சட்டம் செய்யட்டும். இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தயவு என்றில்லாமல் உரிமையாகவே பிரஜா உரிமை கொடுக்கட்டும்.

சர்க்கார் செய்யும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. முகாமுக்குப் பக்கத்து ஊரார் தங்கள் வாசக சாலைக்கும் கல்யாணத்துக்கும் அவர்களை அழைக்கட்டும். அவர்கள் பட்ட பாட்டை அவர்கள் வாயாலேயே கேட்கட்டும். அவர்களை வேலைக்கு வைப்பவர் கூலியைக் குறைக்காமல் கொடுக்கட்டும். விருந்தோம்பலைப் பற்றி மேடையில் வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு, அதைச் செய்து காட்ட தாப்பாத்தி தூரமில்லை.