பதில் மொய்

எனக்கு இன்ஸ்டாகிராமில் 614 ஃபாலோயர்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற எண்ணிக்கையும் இல்லை. காலை ஆறு மணிக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் இதைவிட ஜாஸ்தி.

விஷயம் வேறு. அந்த 614 பேரில் 598 பேரை நானும் ஃபாலோ பண்ணிக்கொண்டிருந்தேன், போன மாசம் வரைக்கும். மொய் நோட்டைப் பார்த்து வளர்ந்தவன் ஸார் நான். அவர் நம் வீட்டுக் காதுகுத்துக்கு நூற்றியொன்று எழுதினாரா, அவர் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நாம் நூற்றியொன்று எழுதியாக வேண்டும். போதாக்குறைக்கு பி.காம். வேறு. ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு என்று மூன்று வருஷம் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஆகவே யாராவது ஃபாலோ பண்ணினதாக போன் சிணுங்கினால், வலது கை சாம்பார் சாதத்தில் இருந்தாலும் இடது கையால் 'ஃபாலோ பேக்'கை அமுக்கிவிடுவேன்.

"யாரு என்னன்னு பார்க்கவே மாட்டீங்களா?" என்பாள் மனைவி.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்லே?"

"எங்கப்பா போன் பண்ணினா எடுக்கறதில்லை. மரியாதையாம்!"

இப்படி மரியாதையில் சேர்ந்தவர்கள் பலவிதம். வல்லம் வடகால் பக்கம் மனை விற்கிறவர் ஒருத்தர், தினமும் "கடைசி மூன்று ப்ளாட்" என்று போடுவார். இரண்டு வருஷமாக அதே மூன்று. இன்னொரு ரகம் காலையில் ஃபாலோ பண்ணும்; நாம் பதிலுக்குப் பண்ணினதும் சாயங்காலம் சத்தமில்லாமல் கழற்றிக்கொள்ளும். மொய்யை வாங்கிக்கொண்டு பந்தி போடாத ஆசாமிகள்.

பாக்கி பதினாறு பேரை மட்டும் நான் சீந்தவில்லை. முகத்துக்குப் பதில் சாமந்திப் பூ, கிருஷ்ணர் பொம்மை என்று படம். எண்பது, தொண்ணூறு ஃபாலோயர்கள். போலிக் கணக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். என் புத்திசாலித்தனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

ஒருநாள் ஒரு கன்ஸல்டன்ஸி என்னை ஃபாலோ பண்ணியது. பெயரிலேயே ஒரகடம் உண்டு, வேலை உண்டு. கோட்டு போட்ட படம், நீல டிக், 41,000 ஃபாலோயர்கள். அவ்வளவு பெரிய மனுஷன் நம்மை! உச்சி குளிர்ந்து உடனே அமுக்கினேன்.

இந்தப் பக்கத்தில் வேலை என்ற சொல்லுக்கு இருக்கிற எடை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் 1998-ல் வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். நோக்கியா 2014 நவம்பரில் கதவைச் சாத்தியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அப்புறமும் வருகிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், ஒடிஸா, ஜார்க்கண்ட் என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கும் பிள்ளைகள் ரயிலில் வரும்போதே போனில் தேடுவது ஒரே வார்த்தையைத்தான்.

எங்கள் எதிர்வீட்டுப் பையன் டிப்ளமா முடித்தவன். ஒருநாள் சாயங்காலம் வந்து வாசல்படியிலேயே உட்கார்ந்தான். யூனிஃபார்முக்கும் மெடிக்கலுக்கும் என்று 3,500 ரூபாய் கட்டியிருக்கிறான். ஆர்டர் பி.டி.எஃப்.பில் வந்திருக்கிறது. காலையில் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் போய்க் காட்டினால், செக்யூரிட்டி படித்துக்கூடப் பார்க்காமல், "இந்த மாசம் நீ ஏழாவது ஆளுப்பா" என்றாராம். நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"விசாரிக்காம ஏண்டா கட்டினே?" என்று அதட்டினேன்.

"நீங்க ஃபாலோ பண்றீங்கன்னு காட்டிச்சே அண்ணே. நீங்க பத்திரிகையில எல்லாம் எழுதறவர்."

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஒரு கணக்கைத் திறந்தால் மேலேயே, நமக்குத் தெரிந்தவர்களில் யார் யார் அதை ஃபாலோ பண்ணுகிறார்கள் என்று பெயரோடு வரும். நான் மொய் என்று நினைத்தது அவனுக்கு ஜாமீன் கையெழுத்து.

அப்புறம்தான் துப்பறிந்தேன். மூலையில் மூன்று புள்ளி இருக்கும். தட்டினால் அந்தக் கணக்கு எப்போது ஆரம்பித்தது, எத்தனை தடவை பெயர் மாற்றியது என்று பெரும்பாலும் காட்டும். நம்மவர் ஐந்து தடவை மாற்றியிருந்தார். அடிவரைக்கும் தள்ளிப் போனால் ஒரு நடிகரின் கட் அவுட், பாலாபிஷேகம். 41,000 பேரும் அந்த ரசிகர்கள்! நீல டிக்? இன்ஸ்டாகிராமில் அது காசுக்குக் கிடைப்பது. 2023 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோது மாசம் 699 ரூபாய். பெயர் அவருடையது என்பதற்குத்தான் டிக், பேச்சு உண்மை என்பதற்கு அல்ல.

1930-க்கு போன் பண்ணிப் புகார் கொடுத்தோம். நம்பர் வந்தது. பணம் வரவில்லை. நான் கொடுக்கிறேன் என்று போனால் அவன் அம்மா, "நீ என்ன தம்பி பண்ணுவே" என்று சொல்லிவிட்டார். திட்டியிருக்கலாம்.

2021 டிசம்பர் ஞாபகம் வந்தது. பூந்தமல்லி பக்கம் ஒரு விடுதிச் சாப்பாட்டில் கோளாறாகி, இங்கே போன் தயாரிக்கிற தொழிற்சாலைப் பெண்கள் நூற்றைம்பதுக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டதாகப் பரவியது. தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். யாரும் இறக்கவில்லை. ஆனால் சேதி தெரிந்தவள் போனிலிருந்து வந்தால் நம்பாமல் என்ன செய்வாள்?

பையன் போகும்போது ஒன்று காட்டினான். "இந்த அக்கா போன மாசமே போட்டிருந்தாங்கண்ணே, இது டுபாக்கூர்னு. எங்க காலேஜ் சீனியர். எந்த கேட்ல ஆள் எடுக்கறாங்கன்னு போர்டைப் போட்டோ எடுத்துப் போடுவாங்க. பைசா கேக்கமாட்டாங்க. நான்தான் உங்களை நம்பிட்டேன்."

படத்தில் சாமந்திப் பூ. 83 ஃபாலோயர்கள். என் பதினாறில் ஒருத்தி! விடுதியில் தங்கி ஷிஃப்ட்டுக்குப் போகிற பெண் முகத்தையா போடுவாள்? கோட்டு போட்டவனுக்குத்தான் முகம் காட்டுவதில் பயமில்லை.

அன்று ராத்திரியே உட்கார்ந்து 598-ஐ 140 ஆக்கினேன். நான் எழுதினதைப் படித்துத் திட்டினவர்கள் எல்லாரும் தங்கிவிட்டார்கள், ப்ளாட்காரர் போய்விட்டார். சாமந்திப் பூவைத் தேடி 'ஃபாலோ பேக்' அமுக்கினேன். பூட்டு போட்ட கணக்கு. விண்ணப்பம் போயிருக்கிறது என்று மட்டும் காட்டுகிறது. பதினோரு நாளாகிறது.

"அந்தப் பொண்ணு யாரு என்னன்னு பார்க்குது போல" என்கிறாள் மனைவி.

இதே ஊரில் பிறந்த ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு தடவை நடந்த பிறகுதான் உபதேசம் கிடைத்தது என்பார்கள். எனக்கு இது முதல் தடவைதான்.