சீட்டு கண்ணாடி ஆகுமா?

பெண்களுக்கான வாராந்திர வகுப்பு முடிந்தபின் ஒரு தாய் தயக்கத்துடன் நம்மிடம் வந்தார். கல்லூரியில் பயிலும் அவருடைய மகள், ஃபஜ்ர் தொழுகையை முடித்ததும் கைப்பேசியில் ஒரு டாரட் சீட்டை எடுத்துப் பார்த்து, அதைப் பற்றி நாட்குறிப்பில் சில வரிகள் எழுதுகிறாளாம். கண்டித்தபோது மகள் கூறிய பதில் இது: "உம்மா, நான் குறி கேட்கவில்லை. நான் மாற விரும்புகிறேன். என்னைப் பற்றிச் சிந்திக்க இந்தப் படம் ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்." இதற்கு என்ன மறுமொழி சொல்வது ஹஜ்ரத் என்று அந்தத் தாய் கேட்டார்.

"ஹராம்" என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டு நாம் எழுந்திருக்கலாம். அப்பிள்ளை கைப்பேசியை ஒளித்து வைத்துக்கொண்டிருப்பாள். அவள் உள்ளத்துக் கேள்வி அங்கேயே இருந்திருக்கும். மாற வேண்டும் எனும் தவிப்பு குற்றமன்று. அது தவ்பாவின் வாசல். அவ்வாசலில் நிற்பவளுக்குச் சீட்டு எதைக் காட்டுகிறது என்பதையே நாம் ஆராய வேண்டும்.

டாரட் சீட்டுகள் எகிப்தின் பழம் ஞானம் என்று இன்று விற்கப்படுகின்றன. வரலாறு அவ்வாறு கூறவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் பொழுதுபோக்காக ஆடிய சீட்டாட்டம் அது. மொத்தம் 78 சீட்டுகள். அவற்றுள் 56 சீட்டுகளில் உள்ள கிண்ணம், நாணயம், வாள், கோல் எனும் நான்கு இனங்கள், மம்லூக் ஆட்சிக்கால எகிப்திலிருந்து ஐரோப்பா சென்ற விளையாட்டுச் சீட்டுகளின் வழி வந்தவை. 1781-இல் கூர் த ழெபலின் எனும் பிரெஞ்சு எழுத்தாளர், இவற்றில் எகிப்தியப் பூசாரிகளின் இரகசியம் அடங்கியுள்ளதாக எழுதினார். பண்டைய எகிப்தின் எழுத்தைப் படிக்க அன்று உலகில் எவருக்கும் தெரியாது! இதன் பின்னரே சீட்டை வைத்துக் குறி சொல்லும் தொழில் பெருகியது. இன்று நாம் அதிகம் காணும் படங்கள், 1909-இல் லண்டனில் வெளியான, பமீலா கோல்மன் ஸ்மித் எனும் ஓவியர் வரைந்த கட்டைப் பின்பற்றியவை.

"வெறும் படம்தானே" என்போரிடம் ஒன்று கேட்கிறோம். வெறும் படமாயின் அதைக் கலைத்துப் போட்டு எடுப்பானேன்? "இன்று எனக்கு வந்த சீட்டு" என்று கூறுவானேன்? எனக்காகவே இது வந்தது எனும் எண்ணம் நுழையும் கணத்திலேயே கைபின் அறிவு சீட்டுக்கு வழங்கப்பட்டுவிடுகிறது. மறைவானவற்றின் அறிவு அல்லாஹ்வுக்கு மட்டுமே உரியது என்பது நம் ஈமானின் அடித்தளம். குறிகாரனிடம் சென்று ஒன்றைக் கேட்பவரின் தொழுகை நாற்பது இரவுகள் ஏற்கப்படாது எனும் எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம்பினால்தான் குற்றம், கேட்டால் குற்றமில்லை என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நாளிதழின் ராசிபலனைப் படிப்பதையும் இதனோடு சேர்த்தே அறிஞர் பலர் எச்சரிக்கின்றனர். ஃபஜ்ரைத் தொழுத கையோடு சீட்டைத் தொடும் பிள்ளைக்காக நாம் அஞ்சுவது இதனால்தான்.

அது நேர்மையான கண்ணாடியும் அன்று. 1948-இல் அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தம் மாணவர்கள் 39 பேருக்கு அவரவர் குணநலக் குறிப்பு என்று கூறி ஒரு தாளை அளித்தார். எவ்வளவு பொருந்துகிறது என 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பின்னரே உண்மை தெரிந்தது: அனைவருக்கும் வழங்கப்பட்டது ஒரே குறிப்பு, அதன் வரிகள் ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. எவருக்கும் பொருந்தும் சொல்லில் தன்னைக் காண்பவர், தாம் விரும்பும் முகத்தையே காண்கிறார்.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்திற்காகவே கதிரவன் இருண்டதாக மக்கள் பேசினர். துயருற்ற எந்தத் தந்தைக்கும் அது ஆறுதலான சொல். ஆயினும் அண்ணலார் அதை ஏற்கவில்லை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் நிகழ்வதில்லை என்று திருத்தி, தொழுகையின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள். வானத்தைத் தம் சொந்தக் கதையாகப் படிக்க அவர்கள் இசையவில்லை.

அறியாமைக் கால அரபுகள் பயணத்திற்கும் திருமணத்திற்கும் அம்புகளைக் குலுக்கி எடுத்தனர். திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் அவ்வழக்கத்தை மதுவோடும் சூதோடும் சேர்த்து விலக்கியது. அதற்கு ஈடாகவே இஸ்திகாரா அருளப்பட்டது என இமாம் இப்னுல் கையிம் எழுதியுள்ளார். சுயபரிசோதனைக்கோ முஹாஸபா உண்டு. இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யாவில் இதற்கென ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கியுள்ளார். சீட்டு "எனக்கு என்ன வரப்போகிறது?" என்று கேட்க வைக்கும். முஹாஸபா "நான் இன்று என்ன செய்தேன்?" என்று கேட்கும். தாயிடம் உரத்துப் பேசினேனா? தோழியின் கடனைத் திருப்பினேனா? அஸரைப் பிற்படுத்தினேனா? இக்கேள்விகளுக்குப் பொதுவான பதில் கிடையாது. ஆகவேதான் அவை மனிதரை மாற்றுகின்றன.

இனி, பெரியவர்களாகிய நம் பக்கம் திரும்புவோம். மகளின் டாரட்டைக் கண்டு பதறும் நம் வீடுகளில், சம்பந்தம் பேசும்போது பால் கிதாபு பார்ப்பவரைத் தேடிச் செல்வது நின்றுவிட்டதா? இஸ்திகாராவையே பிறரிடம் பணம் கொடுத்து ஒப்படைத்து, "என்ன கனவு வந்தது?" என்று விசாரிப்பவர்கள் நம்மிடையே இல்லையா? கனவு அதன் நிபந்தனையன்று. இரண்டு ரக்அத் தொழுது, துஆ கேட்டு, விவரமறிந்தோரிடம் மஷூரா செய்து, அல்லாஹ்வின் மீது தவக்குல் வைத்து அடியெடுத்து வைப்பதே இஸ்திகாரா. மதரஸாக்களில் இருக்கும் நாமும் அந்த துஆவை மனனம் செய்வித்தோம். உள்ளத்தோடு கணக்குப் பார்க்கும் பழக்கத்தை எத்தனை பிள்ளைகளுக்குக் கற்பித்தோம்? நாம் காலியாக விட்ட இடத்தில்தான் சீட்டு வந்து அமர்ந்தது.

அந்தத் தாயிடம் நாம் கூறியது இதுவே: "சகோதரி, சீட்டை விடச் சொல்லுங்கள், நாட்குறிப்பைப் பிடுங்காதீர்கள். அதே நேரத்தில் அவள் இரண்டு ஆயத்துகளைப் பொருளுடன் ஓதி எழுதட்டும். இரவில் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் அவளருகில் அமருங்கள். திட்டாமல் கேளுங்கள்." அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "நான் அவளிடம் எதையும் கேட்டதே இல்லை, ஹஜ்ரத்" என்றார்.

நம் பிள்ளைகளின் கேள்விகளுக்குச் செவி கொடுக்கும் பொறுமையை அல்லாஹ் நமக்கு வழங்குவானாக! அவர்களுடைய ஈமானையும் நம்முடைய ஈமானையும் பாதுகாப்பானாக! ஆமீன்.