அமைதிப்படை போன வழியும் வந்த வழியும்

எங்க காலனிப் பையன்களிடம் திருப்பெரும்புதூர் என்று சொல்லிப் பாருங்கள். கம்பெனி பஸ் என்பார்கள். விடியறதுக்கு முன்னாடியே மாகறல் ரோட்டில் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் அவர்கள். என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பேர் வேறு. 1991 மே 21 இரவு. மறுநாள் பஸ் இல்லை. தறிக்குக் கிளம்பினவர்கள் பாதி வழியில் திரும்பி வந்தார்கள்.

அதற்கப்புறம் வந்த வாரங்களில் கறுப்பாக, தாடியோடு, லுங்கி கட்டிக்கொண்டு இருந்தவனெல்லாம் புலி. நான் அப்போது கல்லூரி மாணவன். பையில் இரண்டு சிறுபத்திரிகைகள் இருந்ததற்காக ஒரு காவல் நிலையத்தில் ஓர் இரவு முழுக்க உட்கார வைத்தார்கள். எந்த ஊர் என்றார் ஒருவர். மாகறல் என்றேன். "ஊரா, காலனியா?" என்று அடுத்த கேள்வி. பதில் சொன்ன பிறகுதான் அறை விழுந்தது. நாட்டின் பாதுகாப்புக்கும் அந்த இரண்டாவது கேள்விக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

போன மாதம் எங்கள் வாசகர் சந்திப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "வெளிநாட்டுக்குப் படை அனுப்பினா நம்ம நாட்டு மக்களுக்குப் பாதுகாப்புத்தானே தோழர்? ஆபத்தை அங்கேயே தடுத்துடலாமில்ல?" டி.வி.யில் பேசுகிற ராணுவ நிபுணர்களின் குரல் அது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1987ல் நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேட ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் போக வேண்டியதில்லை. நம்ம மாவட்டமே போதும்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாளே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. ஈழத்தமிழரைக் காப்பாற்றப் போகிறது என்று இங்கே மேடைபோட்டுப் பேசினார்கள். ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் வேறு அக்கறையும் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டுக்கும் விடக்கூடாது, அந்நிய வானொலி நிலையங்கள் உளவுக்குப் பயன்படக்கூடாது. இந்தியாவின் பாதுகாப்பு என்று தில்லி சொன்னது இதைத்தான். அதில் மாகறல்காரனின் பாதுகாப்பு எந்த வரியில் இருந்தது?

தலையீடு 1987ல் தொடங்கவுமில்லை. 1983க்குப் பிறகு ஈழ இயக்கங்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது இதே இந்திய அரசுதான். கொடுத்தவனே பிடுங்கப் போன கதை. அதற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள் சென்னை மக்கள். 1984 ஆகஸ்ட் 2ல் இலங்கைக்குப் போகவிருந்த குண்டு மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே வெடித்துச் சுமார் முப்பது பேர் செத்தார்கள். 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் இயக்கக்காரர்களின் துப்பாக்கிக்கு ஓர் இளைஞர் பலியானார். இவற்றை இப்போது யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அமைதி காக்கப் போன படை அக்டோபரில் போரில் இறங்கியது. அந்தத் தீபாவளியன்று, அக்டோபர் 21ல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் மறுபடி அறுபதுக்கும் மேல். 1990 மார்ச்சில் படை திரும்பியபோது சுமார் 1200 இந்திய வீரர்கள் செத்திருந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

யார் பெற்ற பிள்ளைகள் என்பதையும் பார்க்க வேண்டும். அந்தப் போரில் பரம்வீர் சக்கரம் வாங்கியவர் ஒரே ஒருவர், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். செத்தபிறகு கொடுத்தது. அவர் பணியாற்றியது மகர் ரெஜிமெண்ட். மகர்கள் வீரமற்ற சாதி என்று வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்க்காமல் நிறுத்தி, அம்பேத்கர் உள்ளிட்டோர் விடாமல் போராடி, 1941ல் உருவான படைப்பிரிவு அது. உரிமையாகக் கேட்டு வாங்கிய துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவு மட்டும் நம் கைக்கு வரவே இல்லை. அமைச்சர் பதவியை விட்டு விலகி 1951 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில், ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்கே போகிறது, இது நம் வெளியுறவுக் கொள்கையின் நேரடி விளைவு என்று அம்பேத்கர் சாடினார். அந்த அறிக்கையில் இந்துச் சட்டத் தொகுப்பைப் பற்றிய பகுதியை மட்டும் எல்லோரும் பேசுகிறார்கள். இதையும் படியுங்கள் தோழர்களே.

எங்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன அண்ணன் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். ரொம்ப நாள் அதைப் பற்றிப் பேசமாட்டார். ஒருநாள் செய்யாற்று மணலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "வீட்டை சோதனை போடப் போனோம்டா. ஒரு ஆயா. எங்க அம்மா மாதிரியே இருக்கு. தம்பி நீங்க தமிழோன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்ல வாய் வரல."

படை திரும்பியது, ஆனால் அதோடு முடியவில்லை. 1990 ஜூனில் அமைதிப்படையோடு நின்ற பத்மநாபாவும் தோழர்களும் சென்னை கோடம்பாக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினோரு மாதத்தில் திருப்பெரும்புதூர். ராஜீவோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர்கள் உண்டு, கூட்டம் பார்க்க வந்த பெண்கள் உண்டு, கவிதை வாசித்துக் காட்ட வந்த சிறுமியும் உண்டு. அந்தக் குண்டை யார் நியாயப்படுத்தினாலும் இந்த இதழ் நியாயப்படுத்தாது. ஆனால் அது வானத்திலிருந்து விழவில்லை. கொலையின் நோக்கத்தை அமைதிப்படையின் நடவடிக்கைகளோடு சேர்த்துத்தான் உச்ச நீதிமன்றமே பார்த்தது.

பிறகு சட்டம் வந்தது. பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அதோடு, இந்த வழக்குக்குத் தடாச் சட்டமே பொருந்தாது என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லுமாம்! பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் வெளியே வந்தது 2022 மே மாதம். அவர் வாங்கிக் கொடுத்த பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன் என்று, வாக்குமூலம் பதிவு செய்த அதிகாரியே 2013ல் ஒப்புக்கொண்டார். படை அனுப்பிய அரசு தன் சொந்தக் குடிமகனுக்குக் கொடுத்த பாதுகாப்பு இது.

அகதிகளைச் சொல்லவே வேண்டாம். வேலூர்க் கோட்டை, செங்கல்பட்டு என்று சிறப்பு முகாம் என்ற பேரில் சிறைகள் இருந்தன. சாதாரண முகாம்களிலும் கியூ பிராஞ்சு கணக்கெடுக்கும். அங்கே இருப்பவர்களில் கணிசமானோர் மலையக வம்சாவளியினர். தேயிலைக்குக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட நம் சேரிச் சனங்களின் பேரப்பிள்ளைகள் அதில் எத்தனையோ பேர். 2019ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதும் அவர்களுக்கு இடமில்லை.

2011 ஆகஸ்ட் 28. மூவருக்கும் தூக்கு நாள் குறித்தாகிவிட்டது. காஞ்சிபுரம் வட்டாட்சியர் அலுவலகம் முன்னால் மக்கள் மன்றத்துத் தோழி செங்கொடி தீக்குளித்தாள். இருபது, இருபத்தொரு வயது. இரண்டு நாளில் உயர் நீதிமன்றம் தூக்குக்குத் தடை விதித்தது. அவளைத் தெய்வமாக்கிப் போஸ்டர் அடித்தவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. அவள் உயிரோடு இருந்து நம்மோடு கூட்டத்தில் வாதம் பண்ணிக்கொண்டிருக்க வேண்டும். 1987ல் கொழும்பில் போட்ட கையெழுத்து இருபத்துநாலு வருஷம் கழித்து எங்கள் ஊர்த் தெருவில் எரிந்ததை நான் பார்த்தேன்.

மாணவர் விடவில்லை. "1971?" என்றார். சரியான கேள்வி. வங்கத்தில் படுகொலையை நிறுத்தியது இந்தியப் படைதான். ஒரு கோடி அகதிகள் வீடு திரும்பினார்கள். மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே அந்த மக்களே கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள், படையும் 1972 மார்ச்சுக்குள் வெளியேறிவிட்டது. ஈழத்து மக்களோ போராளிகளோ கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமா அது? 2003ல் பிரிட்டனும் ஸ்பெயினும் அமெரிக்காவோடு ஈராக்குப் பக்கம் போனபோதும் சொன்ன காரணம் சொந்த மக்களின் பாதுகாப்புத்தான். 2004ல் மாட்ரிட் ரயிலில், 2005ல் லண்டன் ரயிலிலும் பஸ்ஸிலும் செத்தவர்கள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சனங்கள்.

காஞ்சிக்காரர்களுக்கு இது பழைய பாடமும்கூட. நரசிம்மவர்மன் வாதாபியைக் கொளுத்தினான், இலங்கை அரியணையில் மானவர்மனை உட்காரவைக்கப் படையும் அனுப்பினான். பின்னால் சாளுக்கியன் காஞ்சிக்குள் வந்து கைலாசநாதர் கோயில் தூணில் கன்னடத்தில் வெட்டிவிட்டுப் போனான். பள்ளிப் புத்தகத்தில் முதல் பாதி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும்.

அண்ணனின் பையன் அக்னிவீர் தேர்வுக்குப் படிக்கிறான். தினம் விடியக்காலை ஏரிக்கரையில் ஓடுகிறான். நாலு வருஷ வேலை. போகாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை, அவனுக்கு வேறு வேலை வாங்கித்தர என்னால் முடியாது. "எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் போவியா?" என்று கேட்டேன். "அதை நம்மள கேட்டா அனுப்பப் போறாங்க சித்தப்பா?" என்றான்.

அமைதிப்படையில் இருந்தவர்கள், முகாம்களில் இருக்கிறவர்கள், 1991ல் விசாரணைக்கு இழுக்கப்பட்டவர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள். போய்ப் பேசுங்கள், அவர்கள் வாய்மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். பேர் போட வேண்டாம் என்றால் போடமாட்டோம். அடுத்த இதழில் அவர்களுக்காகப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.