சாவி வாங்க முதல் ஆர் பாக்கிறது?

பழைய மோட்டார் சைக்கிள் ஒண்டு வாங்கப் போனாலே தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போறம். கலியாணம் எண்டால் குறிப்புப் பாக்கிறம். ஆனால் வாழ்நாளில் ஒரேயொரு தரம் கட்டுற அல்லது வாங்குற வீட்டுக்கு நாங்கள் பாக்கிறது நல்ல நாள் மட்டும்தான். அத்திவாரம் எவ்வளவு ஆழம், பீமுக்குள்ள என்ன கம்பி, கூரையை எதால கட்டியிருக்கு எண்டு கேட்டால் வீட்டுக்காரருக்கே தெரியாது.

புது வீட்டைப் பொறுப்பெடுக்க முதல், கட்டினவரிட்டக் காசு வாங்காத ஒரு தொழில்நுட்பம் தெரிஞ்ச ஆள் வந்து பாத்து, எழுத்தில தரவேணும். இது கொழும்பில் அடுக்குமாடி வாங்குற ஆக்களின்ர ஆடம்பரம் இல்லை. கொக்கிளாய் மாதிரி ஊருக்குத்தான் இது முதலில் தேவை.

1984 டிசம்பரில் வெளியேற்றப்பட்ட கொக்கிளாய்ச் சனம் போர் முடிந்த பிறகுதான் ஊர் திரும்பியது. கால் நூற்றாண்டுக்கு மேல் இடம்பெயர்ந்து திரிந்தவர்களுக்கு ஒரு கல்வீடு எண்டால் என்னெண்டு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அந்த வீடு நிக்கிற இடமோ ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் களப்பு. உப்பு கொன்கிறீற்றுக்குள்ள இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடிச்ச கம்பி பருத்து, கொன்கிறீற்றை வெடிக்க வைக்கும். கழுவாத கடல் மணலில் குழைத்தால் உப்பை நாங்களே உள்ளுக்கு வைத்துக் கட்டினமாதிரி. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரெவிப் புயல் கரைகடந்ததும் திருகோணமலைக்கு வடக்கே, இந்தக் கரையோரத்தில்தான். கூரையைச் சுவரோட சரியாகக் கட்டினவையோ எண்டதைப் புயலா வந்து பரிசோதிக்க வேணும்?

"ரீ.ஓ. வந்து பாக்கிறவர் தானே" எண்டு சொல்லுவினம். உண்மை. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் புது வீடு ஒண்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டங்கட்டமாக, பயனாளியின்ர வங்கிக் கணக்குக்கே வந்தது. ஒவ்வொரு கட்ட வேலையையும் பாத்த பிறகுதான் அடுத்த காசு. நல்ல முறை. ஆனால் அது காசை விடுறதுக்கான பரிசோதனை. கடைசிக் காசோட அதுவும் முடிஞ்சிடும். பிரதேச சபை தருகிற இணக்கச் சான்றிதழும் வரைபடத்தின்படி கட்டியிருக்கோ எண்டதைத்தான் முக்கியமாகப் பாக்கும். கல் பலமானதோ, பூச்சுக்குப் பின்னால என்ன இருக்கோ எண்டது வேற கேள்வி.

அந்த வேற கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும் எண்டதுக்கு எங்கட மண்ணிலேயே உதாரணம் இருக்கு. வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் எண்டு அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆர்சலர்மிட்டல் நிறுவனத்தின் அந்த வீடு ஒண்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபாய். 2016இல் மாதிரி வீடுகளைக் காட்டினவை. பாக்க வடிவாத்தான் இருந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகக் குடிசார் பொறியியல் பேராசிரியர் பிரியான் டயஸ் போன்றவர்கள் அத்திவாரம், காற்றோட்டம், நீடித்து நிற்கும் தன்மை எல்லாவற்றிலும் கேள்வி எழுப்பினார்கள். அந்தக் காசுக்கு ஒண்டுக்கு மேற்பட்ட கல்வீடு கட்டலாம் எண்ட கணக்கும் வெளியில் வந்தது. மக்கள் அமைப்புகளும் வடக்கு அரசியல்வாதிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். திட்டம் அறிவித்தபடி நடக்கவில்லை. விக்கிறவரிட்டச் சம்பளம் வாங்காத கண் ஒண்டு பாத்ததால அந்த எதிர்ப்புக்கு ஒரு பலம் வந்தது.

65,000 வீட்டுக்குச் சரியெண்டால் ஒரு வீட்டுக்கும் சரிதானே?

இப்ப காலம் மாறிட்டுது. வெளிநாட்டுக் காசில கட்டுற வீடு, ஒப்பந்தகாரர் கட்டி விக்கிற வீடு எண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் நிறைய. லண்டனில் இருக்கிற மாமா வட்ஸ்அப்பில் பாத்துத்தான் "சரி" சொல்லுறார். வீடியோவில பூச்சு வெள்ளையாத்தான் தெரியும். அதே லண்டனில் புது வீடு வாங்குறவர், பிரித்தானியாவின் 2022ஆம் ஆண்டுப் புதிய வீடுகள் தரக் கோவையின்படி, பொறுப்பெடுக்க முதல் தன்ர சார்பில் ஒரு நிபுணரை அனுப்பிப் பாக்கலாம். மாமாவுக்கு அங்க இருக்கிற உரிமை, அவர் இங்க கட்டுற வீட்டில இருக்கப்போற அன்ரிக்கு வேண்டாமோ?

"மேசன் எங்கட சொந்தக்காரர், எப்பிடிச் சந்தேகப்படுறது?" எண்டும் கேப்பினம். இது சந்தேகம் இல்லை. நல்லா வேலை செய்யிற மேசனுக்கு இதுதான் சான்றிதழ். கணவனை இழந்து தனிய வீடு கட்டுற அக்காமாரிட்ட "உங்களுக்கு இது விளங்காது" எண்டு சொல்லிச் சமாளிக்கிற ஒப்பந்தகாரருக்குத்தான் இது இடைஞ்சல்.

செலவு? பெரிய ஒப்பந்தங்களில் ஒரு பகுதிக் காசைக் குறை திருத்தும்வரை மறிச்சு வைக்கிற வழக்கம் இருக்கு. அதை எங்கட சின்ன ஒப்பந்தங்களிலயும் எழுதலாம். பாக்க வருகிறவரைப் பால் காய்ச்சுற கிழமை கூப்பிடாமல், பூச்சுப் பூச முதல் ஒருக்கா, கூரை போட்ட பிறகு ஒருக்கா கூப்பிட்டால் போதும். பிழையைத் திருத்தக்கூடிய நேரம் அதுதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கு. விரிவுரையாளர்களின் மேற்பார்வையில், மாணவர்கள் குறைந்த கட்டணத்தில் ஊர் ஊராக வீடு பாக்கிற ஒரு சேவையை பீடமும் பிரதேச சபைகளும் சேர்ந்து தொடங்கவேணும் எண்டு கேக்கிறம். கலைப்பீடத்துப் பிள்ளையளால என்ன செய்யலாம் எண்டு கேட்டால், பதில் இருக்கு. கம்பி, மணல், கூரைக்கட்டு, கிணத்துக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலான தூரம் எல்லாத்தையும் ஒரு பக்கத்தில், கொக்கிளாயில் மீன் விக்கிற அம்மாவும் வாசிச்சுக் கேள்வி கேக்கக்கூடிய தமிழில், நாங்கள் எழுதித் தாறம். பொறியியல் பீட நண்பர்கள் அதைத் திருத்தித் தாங்கோ.