வெந்தயம் மணத்த கிண்ணம்



மதுவைப் பற்றி இப்பக்கத்தில் எழுதத் துணிந்தமை கண்டு உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதற்கு நியாயமும் உண்டு. கணவனின் குடியினால் தாலிச் சங்கிலியை அடகு வைத்த தாய்மார் எத்தனை பேர்! தந்தையின் தள்ளாட்டத்தைக் கண்டு தெருவில் தலைகுனிந்து நடந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்கள் நம் பங்குகளிலேயே இருக்கிறார்கள். ஆயினும், சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், வியன்னா நகரில் நண்பர் மூவருடன் கழித்த ஒரு மாலைப் பொழுதை உங்களோடு பகிர்ந்துகொள்ளாதிருக்க மனம் ஒப்பவில்லை. முடிவு வரை பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னா, நகர எல்லைக்குள்ளேயே ஏறக்குறைய 600 ஹெக்டேர் திராட்சைத் தோட்டங்களை உடையது. 1784-ஆம் ஆண்டு பேரரசர் இரண்டாம் யோசேப்பு, தோட்டக்காரர் தாம் விளைவித்த திராட்சையின் மதுவைத் தம் இல்லத்திலேயே விற்கலாம் என ஆணையிட்டார். இன்றும் அத்தகைய வீடுகளின் வாயிலில் ஊசியிலை மரக்கிளை ஒன்று தொங்கும். நாங்கள் சென்றதோ நகரின் நடுவே, பழைய நிலவறை ஒன்றில் அமைந்த சிறிய ஒயின் கடை. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து அரிய திராட்சை மது வகைகளைத் தருவித்து, சுவைத்து அறிய விரும்புவோர்க்கு இரண்டு மூன்று மிடறு மட்டுமே வார்த்துக் கொடுப்பார்கள். ஒவ்வொருவர் முன்னும் ஒரு குவளைத் தண்ணீர். சில ரொட்டித் துண்டுகள். விழுங்க விரும்பாதோர் உமிழ்வதற்கென ஒரு கலம். கூச்சல் இல்லை, தள்ளாட்டம் இல்லை.

என்னுடன் வந்தவர்களுள் ஒருவர் அந்நகரத்துப் பள்ளி ஆசிரியை. மற்றொருவர் ஹங்கேரி நாட்டவர். மூன்றாமவர் நம்மவர், தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, முப்பது ஆண்டுகளாக வியன்னாவில் வாழ்பவர். அவரை நான் அண்ணாச்சி என்றே அழைப்பேன். அண்ணாச்சி மதுவைத் தொடாதவர். "நீங்கள் போகிற இடத்துக்கு நானும் வருகிறேன், தம்பி. ஆனால் எனக்குத் திராட்சைச் சாறுதான்" என்று முன்னரே சொல்லிவிட்டார். கடையை நடத்தும் அம்மையார் அதைக் கேட்டு வியக்கவுமில்லை, காரணம் வினவவுமில்லை. எங்களுக்கு வைத்த அதே உயர்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் அவருக்கும் சாற்றை வார்த்து வைத்தார்.

முதற்கிண்ணம் வியன்னாவின் சொந்த மது. 'கெமிஷ்டர் சாட்ஸ்' என்பது அதன் பெயர். ஒரே தோட்டத்தில் மூன்றுக்குக் குறையாத வெள்ளைத் திராட்சை வகைகளைக் கலந்து நட்டு, ஒரே நாளில் பறித்து, ஒன்றாகவே பிழிவார்கள். ஆசிரியை இதன் காரணத்தை விளக்கினார். பழங்காலத்துக் குடியானவனுக்கு வானத்தின் போக்கு தெரியாது. ஒரு வகை உறைபனியில் கருகினால் மற்றொன்று பிழைக்கும். ஒன்று புளித்துக் கிடந்தால் மற்றொன்று இனிக்கும். அச்சத்தினால் கலந்து நட்டான். அக்கலப்பே பிற்காலத்தில் அம்மதுவின் பெருமை ஆயிற்று. பலவித இயல்புடையோர் ஒரு கூரையின் கீழ் வாழும் நம் குடும்பங்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவின் மது. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் பெரும் எரிமலையொன்று வெடித்துச் சிதறிய இடம் அத்தீவு. மழை மிகக் குறைவு, கடற்காற்றோ கொடியது. பந்தல் போட்டால் நில்லாது. ஆகவே அங்குள்ளோர் திராட்சைக் கொடியைத் தரையோடு தரையாக வளைத்து, ஆண்டுதோறும் கூடைபோலப் பின்னிவிடுகிறார்கள். கனிகள் அக்கூடையின் உள்ளே, காற்றுக்கு மறைந்து பழுக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களையெல்லாம் அழித்தபோது, இத்தீவின் எரிமலை மணலில் அப்பூச்சியால் வாழ இயலவில்லை. வறண்ட மண்ணே கொடிகளுக்குக் காவலாயிற்று. அந்த மதுவில் எலுமிச்சையின் கூர்மையும் மெல்லிய உப்புக்கரிப்பும் இருந்தன.

மூன்றாவது கிண்ணம் வந்தது. அது பிரான்சு நாட்டின் கிழக்கே யூரா மலைப் பகுதியைச் சேர்ந்தது. 'வான் ஜோன்', அதாவது மஞ்சள் மது. பொதுவாக, பீப்பாயில் மது ஆவியாகிக் குறையும்போது புது மதுவை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். காற்றுப் பட்டால் மது காடியாகிவிடும். யூராவிலோ குறைவை நிரப்புவதில்லை. மதுவின் மேற்பரப்பில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் தாமாகவே மெல்லிய ஆடைபோல் படர்கின்றன. அவ்வாடையின் கீழ் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அம்மது காத்திருக்கிறது. ஒரு லிட்டரில் இறுதியில் எஞ்சுவது இவ்வளவே என்பதற்கு அடையாளமாக, 62 சென்டிலிட்டர் கொள்ளும் தனிப் புட்டியில்தான் அதை அடைப்பர். இப்பகுதியிலுள்ள ஆர்புவா என்னும் ஊரில் வளர்ந்தவரே லூயி பாஸ்டர். மது ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்து 1866-இல் அவர் நூல் வெளியிட்டார். இன்று நம் வீட்டுக்கு வரும் பாலைக் காய்ச்சிப் பதப்படுத்தும் முறை அவ்வாராய்ச்சியின் வழி வந்ததே.

கிண்ணத்தை முகர்ந்த ஆசிரியை, "வால்நட் பருப்பின் மணம்" என்றார். ஹங்கேரி நண்பர், "காய்ந்த ஆப்பிள்" என்றார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்போது அண்ணாச்சி, "ஒரு முறை முகர்ந்து பார்க்கலாமா?" என்று கிண்ணத்தை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோனவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் தமிழில், என்னிடம் மட்டும், "தம்பி, இது வெந்தயம். அம்மா மீன் குழம்புக்குத் தாளிக்கிற வெந்தயம்" என்றார்.

அவர் சொன்னதை நான் மற்றவர்களுக்கு விளக்கினேன். கடை அம்மையார் வியந்துபோனார். வெந்தயத்துக்கு மணம் தரும் சோட்டோலோன் என்னும் பொருளே மஞ்சள் மதுவுக்கும் அம்மணத்தைத் தருகிறதாம். வேதியியலார் அதைக் கண்டறிந்திருக்கிறார்கள். "இந்த மேசையில் மிகச் சரியாகச் சொன்னவர் ஒரு துளியும் குடிக்காதவரே!" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

சிறிது நேரங்கழித்து அவரே சொன்னார். அவருடைய தந்தையார் கட்டுமரத்தில் சென்றவர், நல்ல உழைப்பாளி, நல்ல பாட்டுக்காரர். ஆனால் மீன் விற்ற காசு கரையேறிய உடனே சாராயக் கடைக்குப் போய்விடும். தாயார் மிஞ்சிய மீனில் குழம்பு வைத்து, வெந்தயம் தாளித்து, அவர் வரும்வரை அடுப்படியிலேயே காத்திருப்பார். சில இரவுகளில் அவர் உண்டார். பல இரவுகளில் சட்டி சுவரில் உடைந்தது. "வெந்தய வாடை எழுந்தாலே நாங்கள் பிள்ளைகள் ஐவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போக ஆயத்தமாவோம். அப்பாவை அடக்கம் செய்த அன்று எனக்கு வயது பதினேழு. அன்று கல்லறைத் தோட்டத்தில் எடுத்த உறுதி இது" என்றார்.

எவரும் ஆறுதல் மொழி கூறவில்லை. ஆசிரியை அவர் கையின்மேல் தம் கையை வைத்தார், அவ்வளவே.

நான்காவது கிண்ணம் ஹங்கேரி நண்பரின் நாட்டுப் பெருமையான டோகாய் அசூ. பொன்னிறம், தேன்போன்ற இனிமை. 1737-ஆம் ஆண்டிலேயே அதன் விளைநிலத்துக்கு அரசாணையால் எல்லை வகுத்தார்கள். 1823-இல் இயற்றப்பட்ட அவர்களுடைய நாட்டுப் பண் ஒரு மன்றாட்டு. டோகாய்க் கொடிகளில் வடியும் அமுதமும் அதில் இறைவனின் கொடையாகச் சொல்லப்படுகிறதாம். நண்பர் விளக்கினார்: "இந்த இனிமை பூஞ்சணத்தால் வருவது. ஆறுகளிலிருந்து காலையில் மூடுபனி எழும். திராட்சையில் பூஞ்சணம் பற்றும். பிற்பகல் வெயில் அடித்தால் கனி சுருங்கி இனிமை திரளும். அக்கனிகளை ஒவ்வொன்றாகக் கையால் பறிப்போம். ஆனால் வெயில் வராமல் ஈரம் நீடித்தால், அதே பூஞ்சணம் குலை முழுவதையும் அழுகச் செய்துவிடும். இரண்டும் ஒன்றே, வேறு அன்று."

அண்ணாச்சி தலையசைத்தார். "எங்கள் வீட்டில் வெயில் வரவில்லை" என்றார்.

வாசகர்களே, அம்மாலைப் பொழுதின் பாடம் இவ்வொரு சொல்லிலேயே அடங்கியதாக எனக்குத் தோன்றுகிறது. திராட்சைக் கொடியின் கனி இறைவனின் கொடை. கானாவூர்த் திருமணத்தில் ஆண்டவர் அதை மறுக்கவில்லை. திருப்பலியில் அதையே தம் திரு இரத்தமாக்கித் தருகிறார். ஆனால் அதே மது எத்தனையோ இல்லங்களை அழித்திருப்பதும் உண்மை. சீராக்கின் ஞானம் ஒரே அதிகாரத்தில் அளவான மதுவின் மகிழ்ச்சியையும் அளவிறந்த மதுவின் கசப்பையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. மருத்துவ அறிவோ இன்று இன்னும் கண்டிப்பானது: உடலுக்குத் தீங்கற்ற மது அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்துள்ளது. ஐரோப்பியர் நாகரிகமாகக் குடிப்பதால் அவர்களுக்குக் கேடில்லை என்று எண்ணிவிட வேண்டா. அங்கும் உடைந்த சட்டிகள் உண்டு.

பின் அம்மாலையில் நான் போற்றுவது எதை? மதுவை அன்று, அம்மேசையைத்தான். குடித்தவரும் குடியாதவரும் ஒரே வகைக் கிண்ணத்தோடு அமர்ந்திருந்தோம். 'ஒரு மிடறுதானே, அண்ணாச்சி' என்று எவரும் வற்புறுத்தவில்லை. நம் திருமண வீடுகளிலும் ஞானஸ்நான விருந்துகளிலும் புறக்கடையில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். வேண்டாமென்பவனைக் கேலி செய்கிறோம், ஆண்மையற்றவன் என்கிறோம். அவன் எந்தக் கல்லறையருகே எந்த உறுதி எடுத்தான் என்பதை நாம் அறிவோமா?

திருச்சபை இதை அறிந்திருக்கிறது. மது அருந்த இயலாத குருக்கள், ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் தடுக்கப்பட்ட திராட்சைச் சாற்றைக் கொண்டே திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் நெறிமுறை வகுத்தது. பலிபீடத்திலேயே அவர்களுக்கு இடமுண்டு எனில், நம் பந்தியில் இடமில்லாமற் போகலாமா?

விடைபெறும்போது மணி பத்து. வெளியே குளிர். டிராம் வண்டி நிறுத்தம் வரை அண்ணாச்சியும் நானும் பேசாமல் நடந்தோம். வண்டி வந்ததும் அவர் சொன்னார்: "நாற்பது ஆண்டுகளாக என் வீட்டில் வெந்தயம் வாங்கியதில்லை, தம்பி. நாளைக்கு வாங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாருங்கள். மீன் குழம்பு வைக்கிறேன்."

சென்றேன். அம்மாவின் கைப்பக்குவம் அவருக்கு வாய்த்திருந்தது.